டியர் முத்தையா

இன்று காலை எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. நான் பயன்படுத்தும் பணம் அனுப்பும் சேவையின் பெயரில் வந்திருந்தது. என் பெயர் சரி, சின்னம் சரி, நிறம் சரி, ஓர் எழுத்துப்பிழை கிடையாது. நேற்று நீங்கள் கட்டிய மின்கட்டணம் பாதியில் நின்றுவிட்டது, இங்கே தொட்டால் சரியாகிவிடும் என்றது. நேற்று நான் மின்கட்டணம் கட்டியது உண்மை. தொடாமல் எழுந்து பால்கனிக்குப் போனேன், திரும்பி வந்தேன், மறுபடியும் போனேன்.

"என்ன பகவதி, வீட்டுக்குள்ளயே வாக்கிங் போறே?" என்றார் என் கணவர்.

கடைசியில் அந்த மின்னஞ்சலை அப்படியே விட்டுவிட்டு, செயலியைத் தனியாகத் திறந்து பார்த்தேன். கட்டணம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருந்தது. மின்னஞ்சல் போலி. வேலைக்காலம் முழுக்க இதையே பார்த்துச் சம்பளம் வாங்கியவள் நான். எனக்கே காபி ஆறிப்போகும் வரை தெரியவில்லை என்றால் மற்றவர்கள் கதி என்ன? இந்த எரிச்சல் மத்தியானம் வரை அடங்கவில்லை.

போதாக்குறைக்கு நிகிதா வேறு. நான் விட்டுவந்த பிரிவை இப்போது பார்த்துக்கொள்ளும் பெண். புதிதாகச் சேர்ந்தவர்களிடம் வந்து பேசுங்கள் என்று ஒரு மாதமாக விரட்டிக்கொண்டிருக்கிறாள். "மேம், பழைய அடையாளம் எல்லாம் போச்சு. ஸ்பெல்லிங் தப்பில்லை, கிராமர் தப்பில்லை. இந்தப் பசங்களுக்கு எதைச் சொல்லிக் கொடுக்கறது?" என்று இந்தியில் புலம்புகிறாள். வருகிறேன் என்று ஒப்புக்கொண்டுவிட்டேன். பேசுவதற்கு முன்னால் தமிழில் எழுதிப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நிகிதாவுக்குத் தமிழ் தெரியாது. இங்கே தில்லியில், மயூர் விஹாரிலேயே பிறந்து வளர்ந்த என் மகளுக்கும் படிக்க வராது. இருந்தாலும் எனக்குக் கோபம் வருவது தமிழில்தான், என்ன செய்ய?

நான் படித்துப் பட்டம் வாங்கி இந்த வேலைக்கு வந்தவள் இல்லை. ஒரு வங்கியின் கார்டு பிரிவில் தொலைபேசி எடுக்கும் பெண்ணாகச் சேர்ந்தேன். அங்கே கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: திட்டுகிறவரை முழுதாகத் திட்ட விட்டால் பிறகு உண்மையைச் சொல்வார். பணம் அனுப்பும் நிறுவனம் ஒன்று நேரு ப்ளேஸில் அலுவலகம் திறந்தபோது அங்கே மாறினேன். புகார் ஆய்வுப் பிரிவு. எங்கள் நிறுவனத்தின் பெயரில் ஊர் முழுக்க உலவும் போலி மின்னஞ்சல்களைப் பிடிப்பதும், ஏமாந்தவர்களின் வழக்கை விசாரித்துத் தவறு யாருடையது என்று எழுதுவதும் வேலை. பயிற்சி என்று ஒரு வாரம் ஏதோ படம் போட்டுக் காட்டினார்கள். உண்மையான பயிற்சி மல்ஹோத்ரா சாரின் மேசைக்கு எதிரே இருந்த நாற்காலியில்தான் நடந்தது.

மல்ஹோத்ரா எங்கள் பிரிவின் தலைவர். மே மாத வெயிலிலும் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுப் பொத்தான் போட்டிருக்கும். சந்தேகமான மின்னஞ்சல் எதையும் அவர் திரையில் படிக்க மாட்டார். அதன் ஹெடரை, அதாவது அது எந்தெந்தக் கணினி வழியாக வந்தது என்ற மறைந்திருக்கும் குறிப்பை, காகிதத்தில் அச்செடுக்கச் சொல்வார். பிறகு பிளாஸ்டிக் ஸ்கேல் ஒன்றை எடுத்துக் கடைசி வரிக்குக் கீழே வைப்பார். அங்கிருந்து ஒவ்வொரு வரியாக மேலே ஏறுவார். மின்னஞ்சல் கடைசியாகக் கைமாறிய இடம் மேலே இருக்கும், புறப்பட்ட இடம் அடியில் இருக்கும். மேலிருந்து படிக்கிறவன் வாசலில் நிற்பவனை மட்டும் பார்க்கிறான், அவன் எந்த ஊரிலிருந்து பஸ் ஏறினான் என்று பார்ப்பதில்லை என்பார். ஸ்கேல் நகரும்போது யாராவது வாயைத் திறந்தால் போச்சு. "பஹலே படியே, ஃபிர் போலியே" என்பார். முதலில் படியுங்கள், பிறகு பேசுங்கள். குரலை உயர்த்தவே மாட்டார். உயர்த்தித் தொலைத்தால் தேவலை என்று இருக்கும்.

இணைப்பு முகவரியைப் படிக்கவும் அவர்தான் பழக்கினார். இரட்டைச் சாய்கோடு தாண்டி அடுத்து வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடி. அதற்கு முன்னால் கடைசியாக நிற்கும் சொற்கள்தான் வீட்டுச் சொந்தக்காரர். அதற்கும் முன்னால் எங்கள் நிறுவனத்தின் பெயர் எத்தனை முறை வந்தாலும் அது எவனோ தன் வீட்டு வாசலில் மாட்டிக்கொண்ட பலகை. இதை நான் தொலைபேசியில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. சொல்லி முடித்ததும், "அதெல்லாம் சரி, இப்போ நான் அதைத் தொடலாமா கூடாதா?" என்று கேட்பார்கள்.

மல்ஹோத்ரா சார் என்னை ஸுப்பையாஜி என்று கூப்பிடுவார். சுப்பையா என் அப்பா. தில்லியில் எந்தப் படிவமும் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். நம்மிடம் இருப்பது ஒரு பெயரும் ஓர் இன்ஷியலும். படிவம் நிரப்புகிறவர் இன்ஷியலை விரித்து முதல் கட்டத்தில் போட்டுவிடுவார். அன்றிலிருந்து கணினிக்கு நாம் நம் அப்பாக்கள். ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தேன். "அச்சா, அச்சா" என்று தலையாட்டிவிட்டு மறுநாள் மறுபடியும் ஸுப்பையாஜி. விட்டுவிட்டேன். தில்லித் தமிழர்கள் பலர் பகலில் அலுவலகத்தில் அப்பாவாக இருந்துவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் தாமாக ஆகிறார்கள். அவர்களில் நானும் ஒருத்தி.

வாடிக்கையாளர்களுக்கு என்று ஓர் எச்சரிக்கைப் பிரசுரம் இருந்தது. மல்ஹோத்ரா சாரே எழுதியது. அதைச் சட்டம் போட்டு வராந்தாவில் மாட்டியிருந்தார்கள். எங்கள் மின்னஞ்சல் எப்போதும் உங்களைப் பெயர் சொல்லி அழைக்கும், 'அன்பான வாடிக்கையாளரே' என்று பொதுவாக வந்தால் நம்பாதீர்கள், சந்தேகம் என்றால் எங்களுக்கே திருப்பி அனுப்புங்கள். நல்ல பிரசுரம். அது எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது, அதில் சந்தேகமில்லை. கரோல் பாக்கில் துணிக்கடை வைத்திருந்த ஒருவர் மட்டும் அதைப் படிக்காமலே தப்பித்தார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். "மேடம்ஜி, அதில் 'தயவுசெய்து', 'சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்றெல்லாம் இருந்தது. உங்கள் கம்பெனி என்னிடம் எப்போது இவ்வளவு மரியாதையாகப் பேசியிருக்கிறது?" என்றார். அவர் வழக்கை 'வாடிக்கையாளரின் விழிப்புணர்வு' என்று எழுதி முடித்தோம்.

இப்போது சொல்லப்போவது அப்படிச் சிரித்துவிட்டு முடிக்கக்கூடியது இல்லை.

ஒருநாள் வரவேற்பறையிலிருந்து கூப்பிட்டார்கள். ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்திருக்கிறார், போகமாட்டேன் என்கிறார், மதராஸிபோலத் தெரிகிறது, வந்து பேசுங்கள் என்றார்கள். கீழே போனேன். முழங்கை வரை மடித்த சட்டையும் கையில் பிளாஸ்டிக் உறையுமாக ஒருவர் எழுந்து நின்றார். என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தார்.

"சுப்பையா பகவதி... மேடம் நம்ம ஊர்ப் பக்கமா?"

"திருநெல்வேலி. நீங்க?"

"தென்காசிப் பக்கம். சண்முகசுந்தரம் என் பேரு." அதற்கு மேல் அவரால் நின்று பேச முடியவில்லை. உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.

விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். துவாரகாவில் ஓர் அடுக்குமாடி சொசைட்டியில் வீடு. சொசைட்டியில் லிஃப்ட் பழுதாகி, புதிது போட எல்லா வீட்டிலும் பணம் திரட்டினார்கள். நேர்மையான ஆள், கணக்கு எழுதத் தெரிந்தவர் என்று அவரைப் பொருளாளர் ஆக்கினார்கள். அந்தப் பணத்துக்கு என்றே எங்கள் நிறுவனத்தில் அவர் பெயரில் ஒரு கணக்குத் திறந்தார். திறந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அதற்குள் ஒரு மின்னஞ்சல்: டியர் சண்முகசுந்தரம், லிஃப்ட் நிறுவனத்துக்கான உங்கள் முன்பணம் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது, கணக்கை உறுதி செய்யுங்கள். அவர் உறுதி செய்தார். கடவுச்சொல்லைக் கொடுத்தார், தொலைபேசியில் வந்த ஓடிபி எண்ணையும் கொடுத்தார். மறுநாள் காலை கணக்கு காலி.

கதை இதுவரை தினம் கேட்கிற கதைதான். பெயரும் லிஃப்ட் விஷயமும் அவர்களுக்கு எப்படிக் கிடைத்தன என்று தேட வேண்டியதும் இல்லை. சொசைட்டியின் இணையப் பக்கத்தில் நன்கொடை வேண்டுகோள், அதன் அடியில் பொருளாளரின் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் பளிச்சென்று இருந்தன. எங்கள் தொலைபேசிப் பிரிவு அவரிடம், எண்ணை நீங்களே கொடுத்திருக்கிறீர்கள், நாங்கள் ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டது.

"காசு போனாப் போகட்டும் மேடம். வீட்ட வித்தாவது குடுத்திருவேன்," என்றார். "திருடன்னு சொல்லுதாங்க. ஞாயித்துக்கிழமை மீட்டிங் போட்டிருக்காங்க. போலீசுக்குப் போறதான்னு அன்னைக்கி முடிவு பண்ணுவாங்க. செக்ரட்டரி அம்மா, அரோரான்னு பேரு, அவுகள நான் குத்தம் சொல்லமாட்டேன். அவுக மாமனாரு ஆறாவது மாடி. டயாலிசிஸ்க்கு அவர நாற்காலியில வெச்சித் தூக்கி எறக்குதாங்க. ஒவ்வொரு தடவ எறக்கும்போதும் என் வீட்டு வாசலத் தாண்டித்தான் போகணும். கதவு சாத்தியிருந்தாலும் எங்களுக்குக் கேக்கும். என் வீட்டம்மா காதப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கா."

"திருடினதா ஏன் சொல்றாங்க? ஏமாந்தீங்கன்னுதானே சொல்லணும்?"

அவர் பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். எங்கள் தொலைபேசிப் பிரிவு கொடுத்த விவரம். 'புதிய கருவியிலிருந்து உங்கள் கணக்கில் நுழைந்திருக்கிறார்கள், நீங்கள் இல்லையென்றால் உடனே முடக்குங்கள்' என்று எங்கள் கணினி அவருக்கு எச்சரிக்கை அனுப்பியிருக்கிறது. அவர் அதைத் திறந்து படித்திருக்கிறார். முடக்கவில்லை. அரோரா அம்மாள் கேட்ட கேள்வி இதுதான்: எச்சரிக்கை வந்து, படித்தும் விட்டு, கை கட்டி உட்கார்ந்திருப்பவன் கூட்டாளியாகத்தானே இருக்க வேண்டும்? எனக்கும் அந்த இடத்தில் வேறு எதுவும் தோன்றவில்லை.

"ஏன் முடக்கலை?"

"அது போலின்னு நெனச்சேன் மேடம். டியர் முத்தையான்னு வந்துது. முத்தையா எங்கப்பா. அவரு போய்ச் சேர்ந்து எத்தனையோ வருசம் ஆச்சு. செத்தவரு பேர வெச்சி எவனோ விளையாடுதான்னு எனக்கு அப்படிக் கோவம் வந்துட்டு."

நான் என் அட்டையைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"உங்க அட்டையப் பாத்தவுடனே எனக்குத் தெரியுது மேடம், சுப்பையா அப்பா, பகவதி நீங்கன்னு," என்றார். "மெயில்ல பாத்தப்போ தெரியலயே."

அதற்கு முன்னால் வந்த ரசீதுகள் வெறும் குறுஞ்செய்திகள், அவற்றில் பெயர் சொல்லி விளிப்பு ஏதும் இருக்காது. எச்சரிக்கை மட்டும்தான் மின்னஞ்சலாக, பெயர் சொல்லி வரும். ஆக, எங்கள் நிறுவனம் முதல்முதலாக அவரைக் கூப்பிட்டதே அவருடைய அப்பாவின் பெயரால்தான். ஏமாற்றுக்காரனோ அவரை அவர் பெயராலேயே கூப்பிட்டான். உண்மையானவர்கள் பெயர் சொல்லி அழைப்பார்கள் என்று எங்கள் பிரசுரம் சொன்னதை எழுத்துக்கு எழுத்து நம்பியவர், நம்பியதாலேயே போலியை ஏற்று அசலைத் தள்ளியிருக்கிறார்.

"சரி, அந்த மெயிலை அழிச்சிட்டீங்களா?"

"அழிக்கல மேடம். உங்க ஆபீசுக்கே அனுப்பி வெச்சேன். உங்க நோட்டீசுல அப்படித்தான போட்டிருக்கு?"

நான் எழுந்துவிட்டேன். இருங்கள் என்று சொன்னேனா சொல்லாமல் போனேனா நினைவில்லை. லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் படியேறி ஓடினேன். மேலே போய், வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்பும் மின்னஞ்சல்களின் குவியலில் தேடினேன். இருந்தது. பணம் போவதற்கு முந்தைய நாள் மத்தியானம் வந்திருந்தது. 'இது போலி என்று நினைக்கிறேன், தயவுசெய்து பாருங்கள்' என்று அவர் மேலே ஒரு வரி எழுதியிருந்தார். பக்கத்தில் எங்கள் கணினியின் குறிப்பு: அசல். முடிக்கப்பட்டது.

எங்கள் நடைமுறை அப்படி. திருப்பி அனுப்பப்படும் மின்னஞ்சல் எங்கள் கணினியிலிருந்து புறப்பட்டதுதானா என்று முதலில் இயந்திரம் பார்க்கும். இல்லையென்றால் போலி, மனிதர்கள் பார்வைக்கு வரும். ஆமாம் என்றால் அசல், தானாக மூடிக்கொள்ளும். அசலை யார் உட்கார்ந்து படிப்பார்கள்? அனுப்பியவருக்கு ஒரு பதில்கூடப் போகாது. அந்த நடைமுறையை நானும் அதுவரை கேள்வி கேட்டதில்லை, எங்கள் பிரிவில் யாரும் கேட்டதில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். உங்கள் வீட்டுக்குள் யாரோ நுழைந்திருக்கிறார்கள் என்று நாங்கள் ஒருவருக்குச் சொல்லி அனுப்புகிறோம். அவர், இது பொய், நான் எதுவும் செய்யவில்லையே என்று எங்களுக்கே திருப்பி அனுப்புகிறார். நுழைந்தவன் அவர் இல்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? நாங்கள் எங்கள் கையெழுத்தை மட்டும் சரிபார்த்துவிட்டுப் போய்விட்டோம். அதைவிடக் கொடுமை, புதிய கருவியிலிருந்து போகும் பெரிய தொகையை மறுநாள் காலை வரை நிறுத்தி வைப்பதும் எங்கள் நடைமுறைதான். அன்று ராத்திரி முழுக்கப் பணம் எங்களிடமே இருந்தது.

மல்ஹோத்ரா சாரிடம் அச்செடுத்துக் கொண்டுபோனேன். ஸ்கேலை எடுத்தார். அடியில் வைத்தார். ஒவ்வொரு வரியாக ஏறினார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உச்சிக்கு வந்ததும், "அஸ்லி ஹை," என்றார். அசல்தான்.

"ஆமாம் சார். அதுதான் பிரச்சினை."

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், இரண்டு கட்டப் படிவத்தையும் சேர்த்து. தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முன்னால் இருப்பது அப்பாவின் பெயர், கணினி கூப்பிடுவது அப்பாவை என்றேன். அவர் அறிக்கைப் படிவத்தை இழுத்து முன்னால் வைத்தார். பிறகு, எண்ணைக் கொடுத்தவர் அவர்தானே, 'வாடிக்கையாளரின் கவனக்குறைவு' என்ற கட்டம்தானே பொருந்தும் என்றார். அந்தக் கட்டத்தில் டிக் அடித்தால் பணம் திரும்பாது. அதைவிட, அந்தச் சொல் அச்சாகி ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் போகும்.

"கவனமாக இருந்ததால்தான் சார் அவர் மாட்டிக்கொண்டார். உங்கள் பிரசுரத்தை வரி வரியாகப் பின்பற்றினார்," என்றேன். சொன்ன பிறகுதான் 'உங்கள்' என்று சொல்லிவிட்டது உறைத்தது. அவர் ஸ்கேலை மேசை இழுப்பறையில் வைத்து மூடினார். நாளைக்குப் பேசலாம் என்றார்.

வீட்டுக்கு வந்து எதைத் தின்றேன் என்று தெரியாது. மறுநாள் அலுவலகத்துக்குப் போனபோது வராந்தாச் சுவரில் சட்டம் இல்லை, ஆணி மட்டும் இருந்தது. பிரசுரம் அவர் மேசைமேல் கண்ணாடி நீங்கிக் கிடந்தது. பெயர் சொல்லி அழைக்கும் என்ற வரி நீல மையால் நேர்க்கோடாக அடிக்கப்பட்டிருந்தது. ஸ்கேல் வைத்துத்தான் அடித்திருந்தார். அறிக்கையில் 'நிறுவனத்தின் குறைபாடு' என்ற கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டிருந்தார். மேலிடத்திலிருந்து அவருக்கு என்ன கிடைத்தது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். பதவி உயர்வு நின்றது.

"உங்கள் சொந்தப் பெயர் என்ன?" என்று மட்டும் அன்று கேட்டார்.

"பகவதி, சார்."

"பகவதிஜி, நீங்கள் சரியாகத்தான் படித்தீர்கள்," என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

பணம் திருப்பித் தரப்படும், தவறு எங்களுடையது, கணக்கு வைத்திருப்பவர்மீது எந்தக் குற்றமும் இல்லை என்று கடிதம் தயாரானது. அச்சாகி வந்ததைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டேன். டியர் முத்தையா. கடிதத்தைத் தயாரிப்பதும் அதே கணினிதானே. பெயர் திருத்தம் வேண்டுமென்றால் வேறு விண்ணப்பம், வேறு பிரிவு, இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். கூட்டமோ ஞாயிற்றுக்கிழமை. மல்ஹோத்ரா சார் கடிதத்தின் அடியில் பேனாவால் கையெழுத்துப் போட்டார். கடிதத்தை நீங்களே நேரில் கொண்டுபோங்கள், நான் அன்று அலுவலகத்தில் இருக்கிறேன் என்றார்.

மயூர் விஹாரிலிருந்து துவாரகாவுக்கு மெட்ரோ ஒரே ரயில்தான். ஆனால் தில்லியின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு. உட்கார இடமிருந்தும் நின்றுகொண்டே போனேன். சொசைட்டியில் தூண்களுக்கு நடுவே கார்களை நகர்த்திவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். சண்முகசுந்தரம் தனியாக ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலிகள் காலியாக இருந்தன. அரோரா அம்மாள் நான் நினைத்ததுபோல் சண்டைக்காரி இல்லை. தூங்காத கண்களோடு, துப்பட்டா நழுவுவதைக்கூடக் கவனிக்காமல் இருந்தார். கடிதத்தை வாங்கிப் படித்தார். என் அட்டையை வாங்கிப் பார்த்தார்.

"அட்டையும் கடிதமும் யாரும் அடிக்கலாம். போன வாரம்தானே ஏமாந்தோம்?" என்றார்.

அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. இப்படிக் கேட்கத்தானே நாங்கள் இத்தனை வருடம் தொண்டை கிழியக் கத்தினோம்! "நான் கொடுக்கும் எண்ணையும் நம்பாதீர்கள். உங்கள் போனில் இருக்கும் எங்கள் செயலியைத் திறந்து, அதில் இருக்கும் எண்ணுக்குப் பேசுங்கள்," என்றேன். பேசினார். ஒலிபெருக்கியில் போட்டார். புகார் பிரிவுக்கு மாற்றியதும் மல்ஹோத்ரா சாரின் குரல் வந்தது. கடிதத்தின் நகலை வைத்துக்கொண்டு அவசரமே இல்லாமல் இந்தியில் படித்தார். தவறு எங்களுடையது என்ற இடத்தை இரண்டாம் முறையும் படித்தார். தூண்களுக்கு நடுவே எல்லோருக்கும் கேட்டது.

முடிந்தது என்று நினைத்தேன். அப்போது பின்வரிசையிலிருந்து ஓர் ஆள் எழுந்தார். "எல்லாம் சரி. யே முத்தையா கௌன் ஹை? யார் இந்த முத்தையா? குற்றம் இல்லை என்பது முத்தையாமேல். நம் பொருளாளர் பெயர் அது இல்லையே?" சிலர் சிரித்தார்கள். அரோரா அம்மாள் கடிதத்தை மறுபடியும் பார்த்தார். அவர் முகம் மாறியது. நான் விளக்குவதற்கு வாயெடுத்தேன்.

சண்முகசுந்தரம் எழுந்து என்னைக் கையமர்த்தினார். தில்லியில் பாதி வயதைக் கழித்தவர்தான், ஆனால் அவருடைய இந்தி சரக்குக் கிடங்கின் இந்தி. தட்டுத்தடுமாறித்தான் பேசினார்.

"முத்தையா என் பிதாஜி. ஊரில் பலசரக்குக் கடையில் கணக்கு எழுதினார். யார் காசையும் தொட்டதில்லை. எங்கள் பக்கத்தில் அப்பா பெயரை முன்னால் வைத்துக்கொள்வோம். கம்பெனிக்கு அது தெரியவில்லை, அதனால் அவருக்கு எழுதியிருக்கிறார்கள்." இந்தி அத்தோடு தீர்ந்துபோயிற்று. என் பக்கம் திரும்பினார். "இத நீங்க சொல்லிருங்க மேடம். காகிதம் எங்கப்பாவத்தான் குத்தமில்லாதவருன்னு சொல்லுது. எனக்கு அது போதும். என்னப் பத்திக் காகிதம் வேண்டாம், இவுக வாயால சொல்லட்டும்."

நான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அரோரா அம்மாள் கடிதத்தை மடித்தார். மாடிப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்தார். அந்தச் சொசைட்டியில் சண்முகசுந்தரத்தை எல்லோரும் மதராஸி அங்கிள் என்றுதான் கூப்பிடுவார்கள் என்று எனக்குப் பிறகு சொன்னார்கள். அவருடைய சொந்தப் பெயர் அரோரா அம்மாளுக்கு வாய் பழகாதது. நின்று நின்றுதான் சொன்னார்.

"ஷண்... முக... சுந்தரம்ஜி. லிஃப்ட் கம்பெனிக்கு நாளைக்குப் பணம் கட்டணுமே. நீங்கள்தானே பொருளாளர்?"